அட்வான்ஸ் வாங்கிட்டீங்களா? எடப்பாடி தறியும் ஒரு இங்கிலீஷ் வார்த்தையும்

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் ஒரே ஒரு வார்த்தையைப் பத்தி. அது இங்கிலீஷ் வார்த்தைதான், ஆனா தமிழ்நாட்டுல அது தெரியாத ஆளே கிடையாது. பள்ளிக்கூடம் பக்கமே போகாத பாட்டி கூட அதைச் சரியான இடத்துல, சரியான அர்த்தத்துல சொல்லுவாங்க. அட்வான்ஸ்.

வாடகைக்கு வீடு பார்க்கப் போனா முதல் கேள்வியே "அட்வான்ஸ் எவ்வளவு?" கல்யாணம்னா மண்டபத்துக்கு, மேளத்துக்கு, சமையலுக்கு, போட்டோவுக்குன்னு வரிசையா அட்வான்ஸ். ஒரு நடிகர் ஒரு படத்துக்கு ஒத்துக்கிட்டாரா இல்லையாங்கிறதுக்கு ஒரே சாட்சி அவர் அட்வான்ஸ் வாங்கினாரா இல்லையாங்கிறதுதான். தியேட்டர்ல அட்வான்ஸ் புக்கிங். வருமான வரியில அட்வான்ஸ் டாக்ஸ். நாளைக்குப் பிறந்தநாள்னா இன்னைக்கே "அட்வான்ஸ் ஹேப்பி பர்த்டே". புதுசா எதையாவது யோசிக்கிற பையனைப் பார்த்து, "அவன் ரொம்ப அட்வான்ஸ்" அப்படின்னும் சொல்லுவோம்.

இப்போ இதே வார்த்தையை சேலம் மாவட்டம் எடப்பாடிக்குக் கொண்டு போங்க. அரசியல் செய்தி பார்க்கிறவங்களுக்கு இந்த ஊர் ஒரு முன்னாள் முதலமைச்சரோட பேருக்கு முன்னாடி வர்ற ஊர். ஆனா அந்த ஊருக்குள்ள நடந்து போனா முதல்ல காதுல விழறது தறிச் சத்தம். அங்க ஒருத்தரைப் பத்தி, "அவரு இன்ன பட்டறையில அட்வான்ஸ் வாங்கியிருக்காரு" அப்படின்னு யாராவது சொன்னா, அதுக்கு அர்த்தம் அவர் கையில காசு இருக்குங்கிறது கிடையாது. அவர் யார்கிட்ட வேலை செய்றார், நினைச்ச நேரத்துல வேற இடத்துக்குப் போக முடியுமா முடியாதா, இதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்துல அடங்கியிருக்கு.

நமக்கு "முன்னேற்றம்"னு ஒலிக்கிற ஒரு வார்த்தை, இன்னொருத்தருக்கு "நகர முடியாது"ன்னு எப்படி அர்த்தமாச்சு? அதைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம். லத்தீன்ல ஆரம்பிச்சு, கிழக்கிந்தியக் கம்பெனி வழியா, இலங்கைத் தேயிலைத் தோட்டம் வழியா, திரும்ப எடப்பாடிக்கு வருவோம்.

தப்பா நுழைஞ்ச ஒரு எழுத்து

முதல்ல வார்த்தையோட பூர்வீகம். லத்தீன்ல 'ஆப்'னா "இருந்து", 'ஆன்டே'ன்னா "முன்னால்". ரெண்டும் சேர்ந்து 'அபான்டே'. இதுல இருந்து பழைய பிரெஞ்சுல 'அவான்சே'ன்னு ஒரு வினைச்சொல் வந்தது. முன்னால நகர்த்து, முன்னுக்குக் கொண்டு வா அப்படிங்கிற அர்த்தம். பிரெஞ்சு பேசின நார்மன்கள் இங்கிலாந்தை ஆண்ட காலத்துக்கு அப்புறம் இந்த வார்த்தை இங்கிலீஷுக்குப் போச்சு. அப்போ அதோட உச்சரிப்பு கிட்டத்தட்ட 'அவான்ஸ்'. நடுவுல 'ட்' கிடையாது.

அப்போ 'ட்' எங்க இருந்து வந்தது? 16-ஆம் நூற்றாண்டுவாக்குல இங்கிலீஷ் படிச்சவங்களுக்கு லத்தீன் மேல பெரிய மோகம். 'அவ்'ல ஆரம்பிக்கிற இந்தச் சொல், லத்தீன்ல இருக்கிற 'ஆட்' அப்படிங்கிற முன்னொட்டோட தேய்ஞ்ச வடிவம்னு நினைச்சாங்க. அதனால அதைத் "திருத்தி" ஒரு 'ட்' சேர்த்துட்டாங்க. அந்த முன்னொட்டுக்கும் இந்த வார்த்தைக்கும் சம்பந்தமே இல்லை. இன்னைக்கு நாம எல்லாரும் அழுத்திச் சொல்ற அந்த 'ட்' ஒரு இலக்கணத் தவறோட மிச்சம்.

இதே தவறு இதோட உடன்பிறப்புக்கும் நடந்தது: 'அட்வான்டேஜ்'. அதுவும் பிரெஞ்சுல 'அவான்டாழ்'தான், அதுக்குள்ளயும் 'ட்' தப்பாதான் நுழைஞ்சது. ஒருத்தர் இன்னொருத்தருக்கு முன்னால நிக்கிற நிலைமை, அதுதான் அட்வான்டேஜ். படையோட முன்னணியைச் சொல்ற 'வான்கார்ட்', புதுப் பாணிக் கலையைச் சொல்ற 'அவான்-கார்ட்' எல்லாம் இதே குடும்பம்.

முதல்ல படை முன்னேறுறது, ஆள் பதவியில முன்னேறுறது இதுக்கெல்லாம்தான் இந்த வார்த்தை. அப்புறம்தான் பணத்துக்கு வந்தது. வேலை முடியறதுக்கு முன்னால, பொருள் கைக்கு வர்றதுக்கு முன்னால கொடுக்கிற பணம். நம்ம 'முன்பணம்' அச்சு அசல் இதேதான். பாரசீகத்துல இருந்து வந்த 'பேஷ்கி'யும் அப்படியே. 'பேஷ்'னா முன்னால். பாகிஸ்தான் செங்கல் சூளைகள்ல இன்னைக்கும் இந்தப் பேர்தான், அங்க 1992-ல வந்த கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துலயும் 'பேஷ்கி' இருக்கு. ஒன்னுக்கொன்னு தொடர்பில்லாத மூணு வார்த்தைகள், மூணும் ஒரே மாதிரி "முன்னால"ன்னு சொல்லுது.

கொடுக்கிறவர் கட்டுறாரா, வாங்கிறவர் கட்டுறாரா?

இங்க ஒரு விஷயத்தைக் கவனிங்க. பணம் கொடுக்கிறவர்தான் பலசாலி, வாங்கிறவர் பலவீனமானவர்னு நாம சுலபமா நினைச்சுடுவோம். வாடகை வீட்டை எடுத்துக்கோங்க. அட்வான்ஸ் கொடுக்கிறது நாம. ஆனா யார் யாருக்குப் பயப்படுறோம்? காலி பண்ணும்போது பெயின்ட் அடிக்கக் கழிச்சுட்டாங்க, திருப்பித் தரவே மாட்டேங்கிறாங்கன்னு புலம்புறது பணம் கொடுத்த நாமதான். அதனாலதான் தமிழ்நாட்டுல 2017-ல கொண்டு வந்து 2019-ல நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேற ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கக் கூடாதுன்னு சொல்லுது.

பெரிய நடிகருக்குத் தயாரிப்பாளர் அட்வான்ஸ் கொடுக்கிறார். அங்க வாங்கிறவர் கைதான் ஓங்கியிருக்கும். படம் பிடிக்கலைன்னா, "அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துட்டேன்" அப்படின்னு ஒரு வரி பேட்டி கொடுத்துட்டு அவர் போயிடலாம்.

ஆக, பணம் எந்தப் பக்கம் போகுதுங்கிறதை வெச்சு எதையும் முடிவு பண்ண முடியாது. கேட்க வேண்டிய கேள்வி வேற: அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துட்டு எழுந்து போக யாரால முடியும்? இந்தக் கேள்வியை மனசுல வெச்சுக்கோங்க. இனி வர்ற 250 வருஷ வரலாறும் இதைச் சுத்தித்தான்.

நெசவாளி கை ஓங்கியிருந்த காலம்

எடப்பாடி, ஜலகண்டாபுரம், தாரமங்கலம், இந்தப் பக்கம் குமாரபாளையம், பள்ளிபாளையம், திருச்செங்கோடு. சேலம், நாமக்கல் சமவெளி முழுக்க நெசவு ஊர்கள். செங்குந்தர், தேவாங்கர் மாதிரியான நெசவுச் சமூகங்கள் பல தலைமுறையா தறியில உட்கார்ந்த இடம். பஞ்சாலையோ விசைத்தறியோ வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே, தமிழ்நாட்டுத் துணி கப்பல் ஏறி ஐரோப்பாவுக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் போயிட்டிருந்தது. அந்த வியாபாரம் பூராவும் ஓடினது முன்பணத்துல.

ஏன்னா, நெய்யறதுக்கு நூல் வாங்கணும். பாவு ஓட்டி, தறியில ஏத்தி, நெய்து முடிக்க நாள் ஆகும். அதுவரைக்கும் வீட்டுல அடுப்பு எரியணும். அந்தப் பணத்தை வியாபாரி முன்னாலயே கொடுப்பார்.

வரலாற்றாசிரியர் பிரசன்னன் பார்த்தசாரதி, 18-ஆம் நூற்றாண்டுத் தென்னிந்திய நெசவாளர்களைப் பத்தி ஒரு முக்கியமான புத்தகம் எழுதியிருக்கார். 2001-ல வந்தது. அவர் காட்டுற ஒரு விஷயம் நம்மளைத் தூக்கிப் போடும். அந்தக் காலத்து ஒப்பந்தம் நெசவாளி பக்கம் சாய்ஞ்சிருந்தது. நெசவாளிக்குப் பிடிக்கலைன்னா, வேற வியாபாரி நல்ல விலை சொன்னா, வாங்கின முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துட்டு ஒப்பந்தத்தை முறிச்சுக்கலாம். ஆனா வியாபாரி திடீர்னு வந்து "என் பணத்தைக் கொடு, எனக்குத் துணி வேண்டாம்" அப்படின்னு கேட்க முடியாது. துணிக்குக் கிராக்கி அதிகம், வாங்குறவங்க நிறைய பேர். அதனால நெசவாளிக்குப் பேரம் பேசுற பலம் இருந்தது. நெருக்கடி முத்திப் போனா ஊரையே காலி பண்ணிட்டு வேற ராஜா எல்லைக்குப் போயிடுவாங்க. அங்க இருக்கிற ராஜாவும் வாங்க வாங்கன்னு கூப்பிடுவார், ஏன்னா நெசவாளி வந்தா அந்த ஊருக்கு வருமானம்.

நம்ம கேள்விக்கு அன்னைக்குப் பதில்: திருப்பிக் கொடுத்துட்டு எழுந்து போக நெசவாளியால முடிஞ்சது.

கம்பெனி வந்ததும் என்ன மாறிச்சு

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்த ஏற்பாடு பிடிக்கலை. அவங்க வெறும் வியாபாரியா இருந்த வரைக்கும் எதுவும் பண்ண முடியலை. ஆட்சியும் கைக்கு வந்ததும் கதை மாறிச்சு.

வங்காளத்துல முன்பணத்துக்குப் பேர் 'தாத்னி'. 'கொடு' அப்படிங்கிற பாரசீகச் சொல்லுல இருந்து வந்தது. கம்பெனி முதல்ல உள்ளூர் தாத்னி வியாபாரிகள் மூலமா துணி வாங்கிச்சு. 1753-ல அவங்களை ஒதுக்கிட்டு, சம்பளத்துக்கு வெச்ச கோமஸ்தாக்கள் மூலமா நேரடியா நெசவாளிக்கே அட்வான்ஸ் கொடுக்க ஆரம்பிச்சது. 1793-ல வங்காளத்துல போட்ட ஒழுங்குமுறைச் சட்டம் இதைக் கெட்டியாக்குச்சு. கம்பெனி அட்வான்ஸ் வாங்கின நெசவாளி, கம்பெனிக்குத் தர வேண்டிய துணியை வேற யாருக்கும் தரக் கூடாது.

சேலம் பக்கம் இது எப்போ வந்தது? 1792-ல மூணாவது மைசூர்ப் போர் முடிஞ்சு, ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில திப்பு சுல்தான் விட்டுக் கொடுத்த பகுதிகள்ல சேலமும் பாரமகாலும் இருந்தது. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் நிர்வாகத்துக்கு வந்தார். அவருக்கு உதவியாளரா வந்த இளைஞர்தான் பின்னாள்ல சென்னை மாகாண கவர்னர் ஆன தாமஸ் மன்றோ. நிலவரி வசூல் ஒரு பக்கம், இன்னொரு பக்கம் சேலத்துல கம்பெனிக்குத் துணி கொள்முதல் பண்ண வணிக அதிகாரி. வரி வாங்குறதும் அதே கம்பெனி, துணி வாங்குறதும் அதே கம்பெனி, தகராறு வந்தா தீர்ப்பு சொல்றதும் அதே கம்பெனி.

பார்த்தசாரதி சொல்ற வாதத்தோட மையமே இதுதான். நெசவாளி ஒரே நாள்ல ஏழையாகலை. அவர்கிட்ட இருந்து முதல்ல போனது, எழுந்து போற உரிமை. கம்பெனி சேவகர்கள் நெசவாளி வீட்டு வாசல்லயே நின்னு வேலை வாங்கினாங்க. பக்கத்து ராஜா எல்லைக்குப் போகலாம்னா, அந்த ராஜாவும் இப்போ கம்பெனிதான். அட்வான்ஸ் அதே அட்வான்ஸ்தான், ஆனா அது கட்டுற கயிறா மாறிச்சு.

1859: பணத்தை வாங்கிட்டு வரலைன்னா ஜெயில்

கம்பெனி 1833-க்கு அப்புறம் வியாபாரத்தை விட்டுச்சு. ஆனா அட்வான்ஸ் போகலை. அது சட்டப் புத்தகத்துக்குள்ளயே ஏறிச்சு.

1859-ல 13-ஆவது சட்டமா வந்தது, தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம். கல்கத்தா வியாபாரிகளோட சங்கம் கேட்டு வந்த சட்டம். முதல்ல கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களுக்கு, அப்புறம் மத்த பகுதிகளுக்கும் விரிவாச்சு. ஒரு தொழிலாளி அட்வான்ஸ் வாங்கிட்டு வேலைக்கு வரலைன்னா முதலாளி மாஜிஸ்திரேட்கிட்ட போகலாம். பணத்தைத் திருப்பிக் கொடுன்னு உத்தரவு போடலாம், இல்லைன்னா வேலையைச் செய்னு உத்தரவு போடலாம். ரெண்டுல எதுங்கிறதை யார் தேர்ந்தெடுக்கணும்? புகார் கொடுத்த முதலாளி. உத்தரவை மீறினா மூணு மாசம் வரைக்கும் கடுங்காவல்.

மறுபடியும் நம்ம கேள்விக்கு வாங்க. திருப்பிக் கொடுத்துட்டு எழுந்து போகலாமா வேண்டாமாங்கிற முடிவையே சட்டம் முதலாளி கையில கொடுத்துடுச்சு. கடன் வாங்கினவர் மேல சிவில் வழக்குதான் போடுவாங்க, ஆனா இங்க தொழிலாளி வாங்கின கடன் குற்றமாச்சு. முதலாளி சம்பளம் தரலைன்னா அவருக்கு இந்தச் சட்டத்துல ஜெயில் கிடையாது.

அதே 1859-லதான் வங்காளத்துல அவுரி விவசாயிகள் கிளர்ச்சி வெடிச்சது. அங்கயும் பிரச்சினை முன்பணம். ஒரு தடவை தோட்டக்காரன்கிட்ட முன்பணம் வாங்கினா, அப்பன் கணக்கு மகன் தலையில ஏறி, அவுரி போட்டுக்கிட்டே இருக்கணும். "இனிமே அவுரி போட மாட்டோம்" அப்படின்னு விவசாயிகள் மறுத்ததுதான் அந்தக் கிளர்ச்சி.

இங்கிலீஷுக்குப் போன தமிழ்த் துண்டு

இந்த வரலாற்றுல தமிழும் இங்கிலீஷுக்குச் சில வார்த்தைகளைக் கொடுத்திருக்கு. கூலி, கங்காணி எல்லாம் நமக்குத் தெரியும். அதிகம் பேசப்படாத ஒன்னு இருக்கு: துண்டு.

தமிழ்நாட்டு மாவட்டங்கள்ல இருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தவங்க கங்காணிகள். ஊர்ல இருக்கிற பழைய கடனை அடைக்க, வழிச் செலவுக்கு, அரிசிக்குன்னு அட்வான்ஸ் கொடுப்பாங்க. தோட்டத்துல கால் வைக்கும்போதே தொழிலாளி தலையில கடன் இருக்கும். அவர் வேற தோட்டத்துக்குப் போகணும்னா, பழைய தோட்டத்துத் துரைகிட்ட இருந்து ஒரு சீட்டு வேணும். "இவருக்கு இவ்வளவு கடன் இருக்கு, அதைக் கட்டினா விடுவிக்கிறேன்." அந்தச் சீட்டுக்குப் பேர்தான் துண்டு. புதுத் தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆளைக் கூட்டிட்டுப் போகும். கடன் தீராது, கைதான் மாறும். தோட்ட உரிமையாளர்களோட இங்கிலீஷ் ஆவணங்கள்ல 'துண்டு சிஸ்டம்'னே எழுதியிருக்காங்க. 1921-ல சட்டம் போட்டு இதைத் தடை செஞ்சாங்க.

இந்தியாவுல 1859-ஆம் வருஷச் சட்டத்தை ரத்து பண்ற சட்டம் 1925-ல வந்தது. கிட்டத்தட்ட 66 வருஷம் அது உயிரோட இருந்திருக்கு. 1933-ல, குழந்தைகளோட உழைப்பை அடகு வெச்சுப் பெற்றோர் அட்வான்ஸ் வாங்கறதைத் தடுக்கத் தனியா ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது. நிலைமை எங்க போயிருந்ததுன்னு அதுலயே தெரியும்.

எடப்பாடி: சட்டமும் தறியும்

இப்போ நம்ம காலத்துக்கு வருவோம். கைத்தறி இருந்த வீடுகள்ல, ஊர்கள்ல விசைத்தறி வந்தது. துண்டு, லுங்கி, சேலைன்னு நெய்யற ஊர்கள். பெரிய ஜவுளி உற்பத்தியாளர் பாவும் நூலும் கொடுப்பார். சின்னப் பட்டறைக்காரர் கூலிக்கு நெய்து கொடுப்பார். அந்தப் பட்டறையில ஒரே ஆள் பல தறிகளை ஓட்டுவார். எத்தனை மீட்டர் ஓடிச்சோ அதுக்குக் கூலி. நீளமான ஷிப்ட், காதைப் பிளக்கிற சத்தம், காத்துல பஞ்சு. கரண்ட் இல்லைன்னா கூலி இல்லை, நூல் விலை ஏறி பட்டறை நின்னாலும் கூலி இல்லை.

அட்வான்ஸ் இங்க எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு குடும்பம் பொண்ணு கல்யாணத்துக்கு 50 ஆயிரம் வாங்குதுன்னு வெச்சுக்குவோம். வட்டி கிடையாது. கேட்க நல்லா இருக்கு. வாராவாரம் கூலியில கொஞ்சம் பிடிப்பாங்க, சில இடத்துல பிடிக்கவே மாட்டாங்க, தொகை அப்படியே நிக்கும். நடுவுல ஆஸ்பத்திரிச் செலவு வரும், பள்ளிக்கூட பீஸ் வரும், இன்னும் 10 ஆயிரம் ஏறும். வட்டி இல்லாத அந்தக் கடனுக்கு விலை என்னன்னா, முழுத் தொகையும் கொடுக்கிற வரைக்கும் வேற பட்டறைக்குப் போகக் கூடாது. பக்கத்துப் பட்டறையில மீட்டருக்குக் கூடுதலா கூலி கொடுத்தாலும் போக முடியாது. கூலியை ஏத்திக் கொடுங்கன்னு அழுத்திக் கேட்கவும் வாய் வராது. அந்த வித்தியாசத்தைக் கூட்டிப் பார்த்தா, வட்டி அங்கதான் ஒளிஞ்சிருக்கு.

மானுடவியலாளர் கெயர்ட் டி நேவ், 1990-கள்ல பவானி, குமாரபாளையம் பக்கம் தங்கி விசைத்தறித் தொழிலாளர்களோட வாழ்க்கையை ஆராய்ச்சி பண்ணினார். அங்க தொழிலாளர்கள் இந்த அட்வான்ஸுக்கு வெச்சிருந்த பேர் 'பாக்கி'. இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. அட்வான்ஸ், முன்பணம், பேஷ்கி மூணும் "முன்னால" அப்படிங்கிற வார்த்தைகள். பாக்கி அரபியில இருந்து வந்தது, மிச்சம் இருக்கிறதுன்னு அர்த்தம். அதே பணம்தான். கொடுக்கிறவர் பக்கம் நின்னு பார்த்தா அது முன்னால போறது. வாங்கினவர் பக்கம் நின்னு பார்த்தா, இன்னும் தீராம பின்னால நிக்கிறது.

டி நேவ் இன்னொன்னும் சொல்றார், அதையும் நேர்மையா கேட்கணும். தொழிலாளர்கள் எல்லாரும் வாயை மூடிக்கிட்டுக் கட்டுப்பட்டு இருக்கலை. ஆள் பற்றாக்குறை இருக்கிற நேரத்துல அவங்களே பெரிய தொகை கேட்டாங்க. புது முதலாளி பழைய முதலாளியோட பாக்கியைக் கட்டிட்டு ஆளைக் கூட்டிட்டுப் போறதும் நடந்தது. சில பேர் சொல்லாம கொள்ளாம ஊரை விட்டும் போனாங்க. பாக்கி கொடுத்தும் ஆள் நிக்கலைன்னு முதலாளிகளே புலம்பினாங்க. சின்னப் பட்டறைக்காரர் நிறைய பேர் முந்தின தலைமுறையில தாங்களே தறி ஓட்டினவங்க. அவங்களுக்கும் மேல பாவு கொடுக்கிற ஒருத்தர் இருக்கார். இதை வில்லன், ஹீரோன்னு எழுதிட முடியாது. ஆனா கடனைப் புது முதலாளி கட்டுற இடத்தைக் கவனிச்சீங்களா? இலங்கைத் தோட்டத்து அந்தத் துண்டு இதே வேலையைத்தான் செஞ்சது. எழுதின சீட்டு மட்டும்தான் இல்லை.

சட்டம் 'அட்வான்ஸ்'னா என்னன்னு சொல்லுது

1975 அக்டோபர்ல ஒரு அவசரச் சட்டம் வந்தது. அது 1976-ல கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் ஆச்சு. அந்தச் சட்டம் முதன் முதலா விளக்கம் சொல்ற வார்த்தை எது தெரியுமா? அட்வான்ஸ். பணமாவோ பொருளாவோ, ரெண்டும் கலந்தோ ஒருத்தர் இன்னொருத்தருக்குக் கொடுக்கிறது.

அட்வான்ஸ் கொடுக்கிறது மட்டுமே குற்றம்னு சட்டம் சொல்லலை. அட்வான்ஸுக்குப் பதிலா ஒருத்தர் என்னத்தை இழக்கிறார்னு பார்க்குது. கூலியே இல்லாம, இல்லைன்னா பேருக்கு ஒரு கூலியில வேலை செய்றாரா? வேற வேலைக்குப் போற சுதந்திரத்தை இழந்துட்டாரா? இந்தியாவுல எங்க வேணாலும் போற உரிமையை இழந்துட்டாரா? தன் உழைப்பையோ, உழைச்சு உண்டாக்கின பொருளையோ சந்தை விலைக்கு விக்கிற உரிமையை இழந்துட்டாரா? இதுல ஏதாவது ஒன்னு இருந்தாலே அது கொத்தடிமை முறை. நாலும் இருக்கணும்னு கட்டாயம் இல்லை. சங்கிலி, பூட்டு, அடியாள் எதுவும் தேவையில்லை.

அப்படி இருந்தா அந்தக் கடன் செல்லாது. திருப்பிக் கொடுக்க வேண்டிய பொறுப்பே அத்துப் போகுது. அது கொத்தடிமைக் கடன் இல்லைன்னு நிரூபிக்க வேண்டியவர், கடன் கொடுத்தவர். கொத்தடிமையா வேலை வாங்கினா மூணு வருஷம் வரைக்கும் சிறை, 2,000 ரூபாய் வரைக்கும் அபராதம். 1982-ல ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்குல, குறைந்தபட்சக் கூலிக்குக் கீழ கொடுத்து வேலை வாங்கறதே அரசியலமைப்பின் 23-ஆவது பிரிவு தடை செய்ற கட்டாய உழைப்புதான்னு உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. 1983 டிசம்பர்ல பந்துவா முக்தி மோர்ச்சா வழக்குல இன்னும் ஒரு படி மேல போச்சு: கட்டாய உழைப்பு இருந்ததுன்னு காட்டினா, அதுக்குப் பின்னால அட்வான்ஸ் இருந்ததுன்னே எடுத்துக்கணும், இல்லைன்னு காட்டுறது முதலாளி பொறுப்பு.

1859-ல சட்டம் முதலாளி கையில கொடுத்ததை, 1976-ல இன்னொரு சட்டம் தொழிலாளி கையில திருப்பிக் கொடுத்தது. காகிதத்துல இது பெரிய திருப்பம்.

நடைமுறையில? ஒரு தறி ஓட்டுறவருக்கு அவசரத்துக்கு 50 ஆயிரம் வேற யார் கொடுப்பாங்க? சொத்துப் பத்திரம் இல்லை, சம்பளச் சீட்டு இல்லை, வங்கி வாசல்ல பதில் இல்லை. இன்னொரு பக்கம் வாராவாரம் வசூலுக்கு வர்ற குழுக்கடன். 2025-ல பள்ளிபாளையம் பக்கம் ஏழைத் தறித் தொழிலாளர்கள் கடன் நெருக்கடியில சிறுநீரகம் வித்த செய்தி வந்தப்போ மாநிலமே அதிர்ந்தது. அந்தப் பகுதிக்கு அது முதல் தடவை கேள்விப்படுற விஷயம் கிடையாது. மாற்றுக் கடன் வழி இல்லாத இடத்துல, அட்வான்ஸை மட்டும் தடை பண்ணினா மருத்துவச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும்கிற கேள்வி அப்படியே நிக்கும். நியாயமான கூலி, கிடைக்கிற தூரத்துல ஒரு வங்கிக் கடன், இது ரெண்டும் இல்லாத வரைக்கும் பாக்கி திரும்பத் திரும்ப முளைக்கும்.

நம்ம ஆஃபர் லெட்டர்

இதைக் கேட்டுட்டிருக்கிற உங்கள்ல நிறைய பேர் ஐடி, ஸ்டார்ட்அப்னு இருக்கிறவங்க. "நோட்டீஸ் பீரியட் பை-அவுட்" தெரியும் இல்லையா? பழைய கம்பெனிக்குக் கட்ட வேண்டிய தொகையைப் புதுக் கம்பெனி கட்டி உங்களைக் கூட்டிட்டுப் போகும். ஜாயினிங் போனஸ் வாங்கினா, ஒரு வருஷத்துக்குள்ள போனா திருப்பிக் கொடுக்கணும்னு ஒரு வரி இருக்கும். சில இடத்துல ட்ரெய்னிங் பாண்ட். வடிவம் உங்களுக்கு இப்போ பரிச்சயமா இருக்கும்.

ஆனா ரெண்டும் ஒன்னுன்னு சொல்லிடாதீங்க, அது தறி ஓட்டுறவருக்குச் செய்ற அநியாயம். உங்க கடன் காகிதத்துல இருக்கு, தொகை ஏறாது, முடிவு தேதி இருக்கு, அதைக் கட்டிட்டு எழுந்து போக உங்களால முடியும். ஒரு ஒப்பந்தத்துல இது நாலுல எதெல்லாம் இல்லையோ, அந்த அளவுக்கு அது எடப்பாடிப் பக்கம் நகருது. அடுத்த தடவை கையெழுத்துப் போடும்போது இதைப் பார்த்துக்கோங்க.

கடைசியா நடைமுறைக்கு ஒரு தகவல். அட்வான்ஸைக் காட்டி யாரையாவது வெளிய விடாம வேலை வாங்கறாங்கன்னு தெரிஞ்சா, இந்தச் சட்டப்படி பொறுப்பு மாவட்ட ஆட்சியருக்கும் வருவாய்க் கோட்டாட்சியருக்கும். எடப்பாடின்னா சங்ககிரி கோட்டாட்சியர் அலுவலகம். மாவட்டத்துலயும் கோட்டத்துலயும் கண்காணிப்புக் குழு இருக்கணும்னும் சட்டம் சொல்லுது. மீட்கப்பட்டவங்களுக்கு 2016-ல இருந்து நடைமுறையில இருக்கிற மத்திய அரசுத் திட்டத்துல, நிலைமையைப் பொறுத்து 1 லட்சம் முதல் 3 லட்சம் வரைக்கும் மறுவாழ்வு உதவி உண்டு. மீட்டு வெளிய கொண்டு வந்துட்டு கையில ஒன்னும் இல்லாம விட்டா, அடுத்த வாரமே இன்னொரு பட்டறையில இன்னொரு அட்வான்ஸ் வாங்க வேண்டி வரும். அதனாலதான் அந்தப் பணம் சீக்கிரம் கைக்கு வர்றது, மீட்கிறதுக்குச் சமமா முக்கியம்.

உங்க ஊர்ல இந்தப் பணத்துக்கு என்ன பேர்? அச்சாரமா, பாக்கியா, வேற ஏதாவதா? சொல்லுங்க, இன்னொரு எபிசோட்ல பேசுவோம்.